நடுச்சுவரில் ஒரு கதவு

“இந்தக் கதவை அடைச்சுப்போடுங்க, அம்மணி” என்று வரைபடத்தைத் தட்டினார் சென்னியப்பன். அவர் சாய்ந்திருந்த சுழல்நாற்காலி கிறீச்சிட்டது.

கட்டப்போகும் கட்டடத்தில் பாதி பேரூராட்சி அலுவலகம், பாதி முதியோர் கல்வி மையம். தலைவர் அறையிலிருந்து நேரே வகுப்புக்குள் போக, நடுச்சுவரில் ஒரு கதவு வைத்திருந்தாள் கோவையிலிருந்து வந்திருந்த என்ஜினீயர் ரெபேக்கா.

“மேல லிண்டல் உத்தரம் வருதுங்க. சுவரு தாங்கும்.”

“சுவரு தாங்கும், என்ற மானம் தாங்குமா? கைநாட்டுக் கூட்டமெல்லாம் தலைவர் ரூமுக்குள்ள பூந்து வாரதா? யாரு வெக்கச் சொன்னது?”

சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்த ரெபேக்கா பென்சிலைப் பெட்டிக்குள் போட்டாள்.

“சொல்லாட்டிப் போங்க. வேற என்ஜினீயரப் பாத்துக்கறேன்.”

அவள் வரைபடத்தைச் சுருட்டக் கை நீட்டினாள்.

“நாந்தானுங்க சொன்னேன்.”

அவர் மனைவி தெய்வாத்தாள் மூலை ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

“உனக்கெதுக்கு அந்தக் கதவு?”

“வாசல் வழியாப் போனா ஊரே சிரிக்குமுங்க. இப்படிப் போயிப் படிச்சுக்குவேன். நீங்க நீட்டுற பேப்பருல என்ன இருக்குதுன்னு தெரியாமயே எத்தன நாளைக்குங்க கைநாட்டு வெக்கறது?”

ரெபேக்கா வரைபடத்தை சென்னியப்பன் முன்னிருந்து எடுத்து, மகளிர் ஒதுக்கீடு வந்த தொண்ணூற்றாறு தேர்தலில் ஜெயித்த பேரூராட்சித் தலைவர் தெய்வாத்தாளின் முன் ஒப்புதலுக்கு விரித்தாள்.

தலைவர் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“தாழ்ப்பாள வகுப்புப் பக்கமா வெச்சுப்போடுங்க, கண்ணு.”