மாவில் வரைந்த பொறி

மாவு மில்லின் மூலையில் எலிக்குஞ்சுகள் தொண்டை கிழியப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தன. "பொறி எனப்படுவது எலிகளைப் பிடிப்பதற்காக மனிதர்கள் வைக்கும் சாதனம்!"

அந்த வரியைக் கேட்டதும் தாய் எலி வெள்ளச்சி எழுந்தாள். போன வாரம் அவள் மகன் இதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டேதான் ஒரு மரப்பெட்டிக்குள் நுழைந்தான். அதுதான் பொறி என்று அவனுக்குத் தெரியாது.

அவள் குஞ்சுகளை விலக்கிக்கொண்டு நடுவே வந்தாள். தரையில் சிந்திக் கிடந்த மாவில் நகத்தால் கோடு இழுத்தாள். ஒரு பெட்டி, தூக்கி நிற்கும் கதவு, உள்ளே கொக்கியில் தேங்காய்ச் சில்லு.

"வகுப்பில் என்னம்மா கிறுக்கல்?" என்று வாத்தியார் எலி சீறினார். "படம் பார்த்துப் படித்தால் மூளை மழுங்கிவிடும். அழி!"

"மாட்டேன், சார்." கொக்கியிலிருந்து கதவுக்குப் போகும் கம்பியை அவள் இன்னும் அழுத்தி வரைந்தாள். "பிள்ளைகளா, நல்லாப் பாருங்க. தேங்காயை இழுத்தா இந்தக் கம்பி விடும். கம்பி விட்டா கதவு விழும்."

வாத்தியார் தாமே அழித்துவிடத் திரும்பி நின்று வாலை வீசினார். அவருக்கு இருந்தது பாதி வால். அது படத்தை எட்டவில்லை. மீதி எங்கே போனது என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

வெள்ளச்சி கதவுக்கு அடியில் வளைவாக ஒரு கோடு போட்டாள்.

"மிச்ச வால் இதோ இருக்கு, சார். வந்து அழிங்க."