வெள்ளிக்கிழமை வாசகி

"கட்" என்றார் தணிகைவேல் சார். ஆறாவது முறை.

சாராள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உடனே மடியிலிருந்த புத்தகத்துக்குள் குனிந்துவிட்டாள்.

நான் வட்ட விளக்கைப் பிடித்தபடி நின்றேன். இருபத்திரண்டு வருட நூலகர் வேலையில், அறிவொளி என்று நான் கையால் பிடித்தது அது ஒன்றுதான்.

சார் காலை பத்து மணிக்கே ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். மேலிடத்தில் சமூக ஊடகப் பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு கிளை நூலகமும் இணையத்தின் வழியே மக்களைச் சென்றடைய வேண்டும் என்று சுற்றறிக்கை.

எங்கள் பக்கத்தை முப்பத்தெட்டுப் பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் முப்பத்தொரு பேர் வேறு ஊர் நூலகர்கள். அவர்கள் பக்கங்களை நான் பின்தொடர்கிறேன்.

ஆகவே ரீல். நாற்பது விநாடி. வாசகர் ஒருவர் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கம் திருப்ப வேண்டும். நிமிர்ந்து சிரித்து, 'வாங்க, வாசிக்கலாம். நூலகம் எப்போதும் உங்களுக்காகத் திறந்திருக்கும்' என்று சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அதனால்தான் சார் வெள்ளியைத் தேர்ந்தெடுத்தார். மற்ற நாளில் வாசகர்கள் வந்து தொந்தரவு செய்வார்களாம்.

வாசகர் ஒருவர் தேவைப்படுவார் என்பது விளக்கைப் போட்ட பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சாராள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், வெள்ளிக்கிழமையில தொறந்து கீது? ஒலகம் அழியப்போவுதா?"

அவளுக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. அவள் கம்பெனிக்கும் வெள்ளிதான் வார லீவு. மற்ற நாட்களில் நாங்கள் திறப்பதற்கு முன்பே கம்பெனி வேன் ஏறிவிடுவாள். நாங்கள் பூட்டிய பிறகுதான் இறங்குவாள்.

போன வருடம் ஒரு நாள் கம்பெனியில் மெஷின் பழுதாகி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மதியம் இங்கே வந்து, அட்டை கிழிந்த ஒரு நாவலை எடுத்து நூறு பக்கம் படித்தாள். காணாமல் போன தங்கையைத் தேடி ஒருத்தி கப்பலேறும் கதை.

பூட்டும் நேரத்தில், வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். அதற்கு உறுப்பினர் அட்டை வேண்டும், அட்டைக்கு வீட்டு வரி ரசீது உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

அவள் தெரு முழுக்க ஏரிப் புறம்போக்கு. ரசீது வைத்திருக்கும் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

அதிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். டீக்கடையில், ரயில்வே கேட்டில், ஒருமுறை சாவு வீட்டில்.

"அந்தப் பொண்ணு தங்கச்சிய கண்டுபுட்ச்சாளா சார்?"

நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அதைச் சொல்ல நூலகருக்கு வாய் வருமா? "நீயே படிம்மா, அப்பதான் நல்லாருக்கும்" என்று நழுவிவிடுவேன்.

லீவு நாளிலும் பழைய கம்பெனி சீருடைச் சட்டையோடு நின்ற அவளைக் கண்டதும் சார் முகம் மலர்ந்தது. "உழைக்கும் மக்கள்" என்று என் காதில் சொன்னார். வெற்றி பெறுவதைப் பற்றிய பளபளப்பான தடிப் புத்தகம் ஒன்றை அவள் கையில் திணித்தார்.

அவள் அதை மேசையில் வைத்துவிட்டு, நேராகப் போய் மூன்றாவது அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தக் கிழிந்த நாவலை உருவினாள்.

"இது இருந்தா நடிக்கிறேன் சார். இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போறேன். துணி ஊறிக்கினு கீது."

சார் சற்று யோசித்தார். வெற்றியின் மேலுறையைக் கழற்றி நாவலுக்குப் போர்த்திவிட்டார்.

ஒன்பதாவது டேக்கில் 'எப்போதும்' வராமல் 'எப்பவாச்சும்' என்றாள். பன்னிரண்டில் அந்த இடத்தில் இருமினாள். பதினான்கில் பேந்தப் பேந்த விழித்தாள்.

ஒவ்வொரு 'கட்'டுக்குப் பிறகும் சார் எடுத்ததை ஓட்டிப் பார்ப்பார். பூந்தொட்டியை இடம் மாற்றுவார். யாருக்காவது போன் செய்து 'களப்பணியில் இருக்கேன்' என்பார். அதுவரை சாராள் குனிந்த தலை நிமிராமல் இருப்பாள்.

பாவம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு சார், சிறுவர் பகுதியின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால்கள் நெஞ்சைத் தொட்டன. போனில் ஆறு சதவீதம் சார்ஜ்.

"அம்மா, எல்லா ஊர் ரீலும் போயிடுச்சு. மூணு மணி மீட்டிங்ல திரையில போடுவாங்க. நம்மளுது மட்டும்தான் இல்ல. எல்லார் முன்னாடியும் என்னை எழுப்பி நிக்க வெச்சுக் கேப்பாங்கம்மா."

காலையிலிருந்து அவர் பேசியதில் அது ஒன்றுதான் புரிகிற மாதிரி இருந்தது.

சாராள் அவரைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் அவசரமில்லாமல் படித்து முடித்தாள்.

"எடுங்க சார்."

பதினேழாவது டேக். பக்கத்தைத் திருப்பினாள், நிமிர்ந்தாள், சிரித்தாள். ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். கண்ணோரம் லேசாக ஈரம்கூட இருந்தது.

"அதுதான் இயற்கையான நடிப்பு" என்று சார் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "பூட்டிட்டு வாங்க, நீங்களும் மீட்டிங்குக்கு வரணும்" என்று என்னிடம் சொல்லி ஜீப்புக்கு நடந்தார்.

நான் விளக்கை அணைத்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். புத்தகத்துக்காகக் கை நீட்டினேன்.

அவள் தரவில்லை. ஆள்காட்டி விரல் கடைசிப் பக்கங்களுக்கு நடுவே இருந்தது.

"பதினோரு பக்கந்தான் சார் கீது."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

"காலையிலேர்ந்து அந்த ஒரு வார்த்தை வாய்ல வரலியேம்மா" என்றேன். "இப்ப மட்டும் எப்படி வந்திச்சு?"

"மொத தபாவே வந்திச்சு சார். சொல்லிட்டா பூட்டிடுவீங்களே."