ஈக்கு வைத்த பெயர்

"கட்டுரையில என் பேரு எங்க சார்?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கடைசி வரியில நன்றி சொல்லியிருக்கேனே, பாக்கலையா? நிறுவனம் என்னுது. அப்போ கண்டுபிடிப்பும் என்னுதுதான்."

வேதியியல் படித்து, காக்கா பிடித்தே மேலே வந்தவர் அவர். பழ ஈயை வாழைப்பழத்தின் மேல் பார்த்ததோடு சரி. எதிரே நின்ற ஆராய்ச்சிக்காரியோ, ஈக்கள் நிறைந்த கண்ணாடிக் குப்பிகளோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியவள். ஈக்குக் கண்ணையும் காலையும் உருவாக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

"அந்த மரபணுவைக் கெடுத்து, பொறந்த ஈயை ஒவ்வொண்ணா பார்த்தது நான். நீங்க ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே! கண்ணு இல்ல, காலு மொட்டை. வாய் மட்டும் குறையில்லாம இருந்துச்சு, உனக்கு இருக்கிற மாதிரி. இஷ்டமில்லன்னா கிளம்பு. குப்பியெல்லாம் இங்கயே இருக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கிளம்பவில்லை.

"சரி சார். ஆனா மரபணுவுக்குப் பேரு நான்தான் வைப்பேன். அதை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"என்ன பேரு?"

"உங்க பேருதான்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று அங்கேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

வீட்டில் தங்கை கொதித்தாள். "உழைச்சது நீ, பேரு அந்த ஆளுக்கா? உனக்கு ரோஷமே இல்லையாக்கா?"

"கட்டுரை வந்ததும் பாராட்டு விழா வைப்பாங்க, வா. முன்வரிசையில உக்காரு."

கட்டுரை அச்சாகி, உலகமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு பாராட்டு விழா நடந்தது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார், விடவே இல்லை. விருந்தினராக வந்திருந்த ஈ ஆராய்ச்சியாளர்கள் மட்டும் ஏனோ ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நிருபர் எழுந்து அவளைக் கேட்டார். "கண்ணும் காலும் குடுக்கிற மரபணுங்கிறதாலதான் சாரோட பேரை வச்சீங்களா?"

"பின்னே?" என்று முந்திக்கொண்டார் இயக்குநர்.

அவள் மைக்கை வாங்கினாள்.

"இல்லீங்க. எங்க துறையில ஒரு வழக்கம் உண்டு. மரபணு என்ன வேலை செய்யுதுங்கிறதை வச்சுப் பேரு வைக்க மாட்டோம். அது கெட்டுப்போனா எப்படிப்பட்ட ஈ பொறக்குதோ, அந்த ஈக்குப் பொருத்தமா இருக்கிற பேரைத்தான் வைப்போம்."

அவளுக்குப் பின்னால், பெரிய திரையில், கண்ணும் இல்லாமல் நிற்கக் காலும் இல்லாமல் ஓர் ஈ வாயை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.