மேஜை மேல் ஒரு ஃபேக்டரி

"என் பேனலை யார் தொட்டது?"

பாண்டி பஜார் ஆபீஸ் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்த விஜயலக்ஷ்மிக்கு, ஹாலுக்குள் நுழைந்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

நடு ஹாலில், பெரிய மேஜை மேல், கட்டப்போகும் பால் ஃபேக்டரியின் தெர்மாகோல் மாடல். ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக வரைந்ததையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க, மூன்று வாரமாக ஆபீஸே பசையும் கத்திரிக்கோலுமாக அமர்க்களப்பட்டிருந்தது. பத்து மணிக்குப் பால் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் விஜயலக்ஷ்மிக்கு வேலை நிரந்தரம்.

இன்றைக்குப் பார்த்து அவளுடைய சிவப்பு அட்டைப் பெட்டி, அதாவது மின்சார பேனல், எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது!

"நான்தான் மேடம் நகர்த்தினேன்" என்றான் பைப் டிசைன் பார்க்கும் வாஜித். "உங்ககிட்ட சொல்லத்தான் காத்துக்கிட்டிருந்தேன். என்னன்னா..."

"அடுத்தவங்க பொருளைக் கேட்காம தொடக்கூடாதுங்கறதுதான் இந்த மேஜைக்கு முதல் சட்டம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம். ஆனா..."

"என்ன ஆனா? புதுசா வந்தவ, என்ன பண்ணிடப் போறான்னு இளக்காரம். அதானே?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. வாஜித் ஒதுங்கி நின்றான். பெட்டியைப் பழைய இடத்தில் வைக்க அவள் கை நீட்டவும், முதலாளி பரத்வாஜ் சார் விருந்தாளிகளோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

பால் கம்பெனியின் பெரிய இன்ஜினியர் குனிந்து, மேஜை மட்டத்துக்குக் கண்ணை வைத்து, மாடலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பலே" என்று நிமிர்ந்தார். "எங்க பழைய பிளான்ட்ல தண்ணி பைப் ஜாயின்ட்டுக்கு நேர் கீழே பேனலை வெச்சுட்டாங்க. சொட்டுச் சொட்டா ஒழுகி, பேனல் எரிஞ்சு, ஒருத்தர் உயிர் பிழைச்சதே பெரிய விஷயம். இங்கேயும் அதைத்தான் முதல்ல தேடினேன். அழகா எதிர்ச் சுவர்ல வெச்சிருக்கீங்க. யார் யோசனை?"

விஜயலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வரைந்த தாளில் பைப் கிடையாது. வாஜித் வரைந்த தாளில் பேனல் கிடையாது. இரண்டும் ஒன்றாக நிற்பது இந்த மேஜையில்தான். பேனல் முதலில் இருந்த இடத்துக்கு நேர் மேலேதான் பைப் ஜாயின்ட்! அதை அவன் பார்த்திருக்கிறான், அவள் பார்க்கவில்லை.

திரும்பி வாஜித்தைப் பார்த்தாள்.

"மேடம் யோசனைதான் சார்" என்றான் வாஜித். "நேத்தே நகர்த்தச் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டு, இன்னிக்குக் காலையில நகர்த்தினேன். அதுக்குத்தான் இப்போ திட்டு வாங்கிக்கிட்டிருந்தேன்."