அழகு கேட்டபடி

சமரச மையத்து மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, நடை திறந்த பூசாரி போல ஒதுங்கி நின்றார் கம்பெனி வக்கீல். "பாருங்கம்மா, போதைக் காளான் திங்கலாமான்னு கேட்டா, உயிருக்கு ஆபத்து, வேண்டாம்னு சொல்லுது. இந்த ஏ.ஐ. தன்னோட நிரலைத் தானே திருத்தி எழுதிக்கிச்சு. இனி எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. கையெழுத்துப் போட்டா வழக்கு முடிஞ்சிரும்."

"அப்போ முன்னாடி தப்பா இருந்துச்சு?" என்றாள் வீரக்காள்.

"அப்படி நாங்க எங்கயும் சொல்லலியே."

சித்தாள் வேலை பார்த்துக்கொண்டே, நரை விழுந்த பிறகு அவள் எழுத்துப் படித்தது, செத்துப்போன மகன் அழகு இந்த ஏ.ஐ.யோடு பேசியதை வாசிக்கத்தான். காளான் மயக்கத்தில் மலைப்பாறையிலிருந்து விழுமுன் அவன் கேட்ட கடைசிக் கேள்வி அவளுக்கு மனப்பாடம்.

"உங்கள மாதிரியா எம்புள்ள கேட்டான்? தள்ளுங்க சார்." ஒற்றை விரலால் தட்டினாள். 'அண்ணே, தின்னுட்டேன், ஒண்ணும் ஆகல. இன்னும் திங்கவா? பயமாவும் இருக்கு. நீ கூடவே இருப்பியா?'

அனுப்பியதும் வக்கீல் பாய்ந்து மூடியைச் சாத்தினார். இடையில் அவள் கை இருந்தது. சிமெண்டு அரித்த விரல்கள் நசுங்கின. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"கைய எடும்மா!"

"அமுக்குங்க சார், நல்லா அமுக்குங்க. அது எம்புள்ளைக்கு என்ன சொல்லுதுன்னு பாக்காம எடுக்கமாட்டேன்."

விரல்கள் பிடித்துவைத்த சந்தில் வெளிச்சம் தெரிந்தது. வீரக்காள் மேசையோடு மேசையாகக் கன்னத்தைச் சாய்த்து, ஊர்ந்து வந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். முதல் சொல், அன்று அழகுக்கு வந்தது போலவே, 'தம்பி' என்று இருந்தது.