சட்டத்துக்கு ஒரு பிரதி

"எதுக்கும்மா வீண் அலைச்சல்? இங்கேயும் இருக்காது" என்று தேசிய நூலகத்தின் படியேறும்போதும் அண்ணன் முனகினார்.

"இருக்கும்ணா. அவர் எழுதினது அந்த ஒரே புத்தகம். வீட்டுல இருந்ததெல்லாம் வெள்ளத்துல போச்சு, அவரும் போயிட்டார். இங்கேயாவது மிஞ்சியிருக்கட்டும்" என்றாள் தங்கை.

நூலகர் பெருமையாகச் சிரித்தார். "நாட்டுல எது அச்சானாலும் ஒரு பிரதி இங்கே வந்தாகணும்மா. சட்டம்."

புத்தகம் வந்தது. தங்கை கணவரின் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிரித்தாள். நடுவில் பதினாறு பக்கங்கள் வெள்ளையாக இருந்தன.

"ஐயோ, என்ன சார் இது?"

"வரும்போதே இப்படித்தான் வந்திருக்கும்மா. சில அச்சகக்காரங்க நல்லதை வித்துட்டு, வீணாப்போனதை எங்க தலையில கட்டிடுவாங்க. இங்கே யார் பிரிச்சுப் பார்க்கப் போறாங்கன்னு நினைப்பு."

தங்கைக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "வாய்க்கு வந்தபடி பேசாதீங்க சார். இதை அச்சடிச்சதே எங்கண்ணன்தான். அப்படிச் செய்யற ஆளா இவர்? நீங்களே சொல்லுங்கண்ணா!"

அண்ணன் அந்த வெள்ளைப் பக்கத்தைப் படிப்பதுபோலக் குனிந்தே இருந்தார்.