கழித்துப் போட்ட பெட்டிகள்

"இதெல்லாம் என்ன சார், மூலையில இப்படிக் குவிஞ்சு கெடக்கு?"

ஜானகியம்மாள் கேட்டதும் சவுரியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலையிலிருந்து அந்த அம்மா கேட்ட கேள்விகளில், மார் தட்டிக்கொள்ளத் தோதாக வந்தது இது ஒன்றுதான்.

"கழிச்சுப் போட்டதுங்க மேடம். மூடி கோணுனது, மூலை பிரிஞ்சது. நம்மகிட்ட இருந்து இந்த மாதிரி ஒண்ணுகூட வெளிய போகாதுங்க."

கடத்தூரில் சவுரியப்பன் நடத்தும் பனையோலைப் பெட்டிக் கொட்டகையைப் பார்வையிட மெட்ராஸிலிருந்து வந்திருந்தார் ஜானகியம்மாள். ஜெர்மனியில் ஒரு சாக்லேட் கம்பெனி, கிறிஸ்துமஸுக்குச் சாக்லேட் அடைத்து விற்க வண்ணப் பெட்டிகள் தேடிக்கொண்டிருந்தது. முன்பு வேறெங்கோ வாங்கிய பெட்டியில் சாயம் சாக்லேட்டில் இறங்கி, பெரிய ரகளையாகிவிட்டதாம். அதனால் இந்த முறை நேரில் பார்த்துச் சொல்ல இவரை அனுப்பியிருந்தார்கள். இவர் சரியென்றால் ஆர்டர். இல்லையென்றால் கொட்டகையை இழுத்து மூடவேண்டியதுதான். இருந்த ஒரே மெட்ராஸ் கடைக்காரரும் போன மாதம் கைவிட்டுவிட்டார்.

ஆனால் அந்த அம்மா எதைத் தேடுகிறார் என்பதுதான் சவுரியப்பனுக்கு விளங்கவில்லை. ஓலை வெட்டினால் பனைமரம் பட்டுப்போகுமா என்று கேட்டார். ஒரு குருத்தை வெட்டினால் அடுத்தது விரியும்வரை அந்த மரத்தில் ஏறமாட்டோம் என்றதும் தலையாட்டினார். சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று குழிவரைக்கும் வெயிலில் நடந்துபோய்ப் பார்த்தார். ஆனால் 'கெடுதல் இல்லாத சாயம்' என்று சேலத்துக் கடைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டியபோது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சீட்டு யார் வேணும்னாலும் எழுதலாம் சார்," என்றவர், இப்போது குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை இங்க பெட்டி முடையற பொம்பளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்களா?"

"எங்கீங்க! சும்மாவே எடுத்துக்கங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன். ஒருத்தி தொடலை. அடுப்பெரிக்கத் துண்டு ஓலை கட்டிக்கிட்டுப் போவாங்க, அவ்வளவுதான். நல்ல பெட்டியில கைய வெச்சா வேலை கெடையாதுன்னு மொத நாளே சொல்லிட்டேங்க. அந்த மெட்ராஸ் கடைக்காரரு அனுப்பற பெட்டியில எண்ணிக்கை கொறையுது கொறையுதுன்னு ஓயாம கடுதாசி போட்டாரு. அது லாரி ஆபீஸ்காரனுங்க வேலை. நம்ம ஆளுங்க கை சுத்தம்ங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஜானகியம்மாள் பேனாவை மூடினார்.

"சார், இந்த ஊர்ல பிஸ்கட் டின் காலியானா தூக்கிப் போடுவாங்களா?"

"அதெப்படிங்க? கடுகு போட்டு வெப்பாங்க. உரம் வந்த சாக்குக்கே இங்க சண்டை நடக்கும்."

"அப்ப இவ்வளவு அழகான பெட்டி சும்மா கெடைக்குது. அதைச் செய்யறவங்களே ஒருத்தரும் வீட்டுல வெச்சுப் புழங்கலைன்னா, அதுல ஏதோ இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்னுதானே அர்த்தம்? குழந்தைங்க வாயில வெக்கிற பண்டம் சார். நான் எப்படிச் சரின்னு சொல்றது?"

சவுரியப்பன் அந்தச் சீட்டை இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தார். ஒருவேளை சேலத்துக்காரர் ஏமாற்றிவிட்டாரோ? முடைந்துகொண்டிருந்த பெண்களிடம் திரும்பினார்.

"ஏம்மா, சாயத்துல கோளாறு ஏதாச்சும் இருக்குதா? இருந்தா சொல்லிப்புடுங்க."

ராஜமேரி மதலேனம்மாளைப் பார்த்தாள். மதலேனம்மாள் குள்ளம்மாளைப் பார்த்தாள். பிறகு ராஜமேரி மடியிலிருந்த ஓலையை உதறிவிட்டு எழுந்து, விறுவிறுவென்று வெளியே போனாள். அவள் பின்னாலேயே ஒவ்வொருத்தியாக எழுந்து போக, கொட்டகையே காலியாகிவிட்டது. சவுரியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

ஜானகியம்மாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், ராஜமேரி மூச்சு வாங்க வந்து நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"புளிங்கம்மா. உப்புப் போட்டு வெச்சது. வருஷமாச்சு, இன்னும் சாயம் எறங்கலைங்க."

ஜானகியம்மாள் கைக்குட்டையை நனைத்துப் பெட்டிக்குள் அழுத்தித் துடைத்தார். புளிக்கறை வந்தது. சிவப்பு வரவில்லை. அதற்குள் மதலேனம்மாள் இடுப்பில் குழந்தையோடும் கையில் பச்சைப் பெட்டியோடும் வந்துவிட்டாள்.

"பல்லு மொளைக்கறப்ப பூரா இதத்தாங்க கடிச்சுக்கிட்டுக் கெடந்தான். பாருங்க, எப்படி இருக்கறான்னு."

குள்ளம்மாள் ரவைப் பெட்டியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் வெல்லம், கருவாடு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஜானகியம்மாள் சிரித்தேவிட்டார். லேபுக்கென்று ராஜமேரியின் பெட்டியையே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.

கொட்டகை பிழைத்தது. ஆனால் சவுரியப்பனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுப்பெரிக்கவென்று பெண்கள் கொண்டுபோன துண்டு ஓலைக் கட்டு ஏன் அத்தனை குண்டாக இருந்தது என்பது இப்போதுதான் புரிந்தது. பாவம், லாரி ஆபீஸ்காரனை என்னவெல்லாம் பேசிவிட்டார்! பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றில்கூடக் கோணல் இல்லை, பிரிசல் இல்லை.

"எல்லாம் மொதல் தரமால்ல இருக்குது? அந்தக் குவியலத்தான் சும்மாவே எடுத்துக்கங்கன்னு சொன்னேனே, அதுல எடுத்திருக்கக் கூடாதா?"

ராஜமேரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"கோணப் பெட்டிய வூட்டுல வெச்சா, வர்றவங்க போறவங்க நம்ம கம்பெனியப் பத்தி என்னங்க நெனப்பாங்க?"